கழுவாத குரல்

பிப்ரவரி 9

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். பாதியில் வைத்துவிட்டாய். திரும்பவும் செய்தேன். அத்தான் எடுத்து, "அவளால இப்பப் பேச முடியாதுப்பா, நீ லெட்டர் போடு" என்றார். சரி, போடுகிறேன். எழுதும்போது யாரும் என்னை நடுவில் வெட்ட முடியாது, அது ஒரு வசதி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கண் டாக்டர் உன் இமைக்குள் காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தார், அது நனையவே இல்லை. உன் ரத்தத்தில் உன்னையே தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. பிஸ்கட் சாப்பிட்டால் தொண்டையில் நிற்கிறது. இது ஷோக்ரன் நோய்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. உனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு உறுதி வேண்டும். கீழுதட்டின் உள்பக்கத்திலிருந்து மிளகளவு சுரப்பியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாய்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "எச்சில் ஆராய்ச்சி" என்று சொல்லிச் சிரிப்பாயே, இப்போது அதைக் கேட்டுக்கொள். வாயில் நீர் சும்மா ஊறுவதில்லை. மூளையிலிருந்து நரம்பு இறங்கி வந்து சுரப்பிக்குள் நூல் நூலாகப் பிரிகிறது. அதன் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு ரசாயனம் கசியும். "ஊறு" என்பதற்கான சேதி அது. செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு வாங்கி இருக்கிறது. வாங்கியதும் செல்லுக்குள் கால்சியம் பொங்கும், தண்ணீருக்குக் கதவு திறக்கும். இந்த நோயில் உடம்பின் காவல் செல்கள் புத்தி தடுமாறி, சுரப்பிக்குள்ளேயே கூடாரம் போட்டுவிடுகின்றன. சுரப்பி செத்துவிடுகிறது. செத்த சுரப்பிக்குத்தான் நீ எலுமிச்சை மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் பல் சொத்தையாகும், வேறொன்றும் ஆகாது.

இந்த வாரமே போய் நாள் குறித்துவிட்டு எழுது.

தம்பி


பிப்ரவரி 18

அவசரக்குடுக்கைக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். மனுஷன் பாதியில் நிறுத்தி, "இவன் எழுதினாலும் கத்துற மாதிரியே இருக்கே" என்றார். நோயின் பெயர் வந்ததும், "பேரு மட்டும் ஷோக்கா வெச்சிருக்காங்க" என்றார். சிரித்தேன். சிரித்தால் மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொள்கிறது, விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

போனை ஏன் வைத்தேன் என்று கேள். உன்னோடு வழக்காடினால் அன்று சாயங்காலம் என்னால் ஒலிப்பதிவுக்கு நிற்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு என்று ஆகிவிட்டது. இப்போது ஒலிப்புத்தகத்துக்காக ஒரு பெரிய நாவல் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு தாயும் மகளும் புத்தகம் முழுக்கச் சண்டை போடுகிறார்கள், இரண்டு பேருக்கும் நான்தான் குரல். இருக்கிற பேச்சை அவர்களுக்குக் கொடுப்பதா, உனக்குக் கொடுப்பதா? அவர்களாவது சம்பளம் தருகிறார்கள்.

நான் படிக்கிற அறையை நீ பார்த்ததில்லை. ஒரு ஆள் நிற்கும் அலமாரி என்று வைத்துக்கொள். நாலு சுவரிலும் கம்பளி. சத்தம் வரும் என்று மின்விசிறிகூடக் கிடையாது. முன்னால் கண்ணாடி, அந்தப் பக்கம் ஹெட்போனோடு உன் அத்தான். முன்பெல்லாம் ஒரு அத்தியாயம் முடித்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். இப்போது ஒரு பத்திக்கு ஒரு வாய். தண்ணீர் நனைக்கிறது, ஆனால் தங்குவதில்லை. எச்சில் வேறு, தண்ணீர் வேறு என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

உதட்டு விஷயம். அந்த டாக்டர் நல்லவர், மறைக்காமல் சொன்னார். வெட்டும் இடத்தில் சிலருக்கு மரத்துப்போகுமாம். பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாமலும் போகும். உனக்கு அது மிளகளவு. எனக்கு 'ம' அங்கேதான் இருக்கிறது, 'ப' அங்கேதான் இருக்கிறது. ஒரு தடவை "அம்மா" என்று சொல்லி உதடு எங்கே சேர்கிறது என்று தொட்டுப் பார்.

இன்னொன்று. செத்த சுரப்பி என்று எழுதியிருக்கிறாய். என் வாய்க்குள் இருப்பதை நீ பார்த்ததில்லை. அப்படியே அது செத்திருந்தால், அதைத் தெரிந்துகொள்ள நான் ஏன் உதட்டை வெட்டிக்கொள்ள வேண்டும்? செத்தது செத்ததுதானே. பதில் சொல், விஞ்ஞானி.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

உன் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில் உருப்படியாக ஒரு வேலை செய்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நோயாளிகளின் சுரப்பித் துண்டுகள் வரும். வைத்தியத்துக்காக வெட்டியதில் மிஞ்சியதை அவர்கள் சம்மதித்துத் தருவார்கள். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. ரோஜா நிறத் திரவத்தில் வைத்தால் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும். போன வாரம் அப்படி ஒன்று வந்தது. வாய் முற்றிலும் வறண்ட ஒருவருடையது. அதைத் தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் எதையும் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை. "காவல் செல்கள் எல்லாத்தையும் கொன்னுடுச்சு மேடம்" என்றேன். அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே கேட்டார்:

"கொன்னுடுச்சுங்கிற. சரி, பொணம் எங்க?"

நான் குனிந்து பார்த்தேன். காவல் செல்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன, உண்மை. ஆனால் அவற்றைச் சுற்றி, சுரக்கும் செல்கள் பூங்கொத்து மாதிரி வட்டம் வட்டமாக அப்படியே நின்றன. பாதிக்கு மேல் இருக்கும். வாங்கி இருக்கிறது, தண்ணீர்க் கதவு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அந்த மனிதரின் வாயில் மட்டும் ஒரு சொட்டு நீர் இல்லை. நரம்பின் சேதியை நானே ஊற்றிப் பார்த்தேன், ஒரு செல்கூட அசையவில்லை.

இதை யாரும் கண்டுபிடிக்காமல் இல்லை, அக்கா. கட்டுரைகளில் இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். படித்தது வேறு. உயிரோடு நிற்கும் ஒன்று, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் நிற்பதைப் பார்த்தது வேறு.

எலுமிச்சை மிட்டாயை நிறுத்து. அதில் மட்டும் நான் சொன்னது சரி.

தம்பி


மார்ச் 9

தம்பி,

ஒரு சமாச்சாரம். யாரிடமாவது சொல்ல வேண்டும், பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஸ்டுடியோவுக்குச் சீக்கிரம் போய்விட்டேன். உன் அத்தான் இன்னும் வரவில்லை. முந்தின நாள் படித்ததில் ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம். கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். வழக்கமாக அவர் சுத்தம் செய்து வைத்ததைத்தான் நான் கேட்பேன். இது கழுவாதது. அப்படியே பதிவானது.

சொடுக்கு, தம்பி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொடுக்கு. நாக்கு மேலண்ணத்திலிருந்து பிய்ந்து வருகிற சத்தம். காய்ந்த இலைமேல் யாரோ நடக்கிற மாதிரி. அந்தத் தாய் சாகக் கிடந்து மகளைக் கூப்பிடுகிற இடம் அது. நான் உருகி உருகிப் படித்திருக்கிறேன், உள்ளே சடசடவென்று சத்தம்.

பழைய பதிவுகளைத் திறந்தேன். போன மழைக்காலம், அதற்கு முந்தின வெயில். எல்லாவற்றிலும் இருந்தது. எனக்கு வாய் வறள்கிறது என்று எனக்கே தெரிவதற்கு ரொம்ப முன்னால் இருந்தே அவர் ஒவ்வொரு சொடுக்காகப் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, பட்டு மாதிரி ஆக்கி என்னிடம் கொடுத்திருக்கிறார். என் வாய் என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லியிருக்கிறது.

வந்ததும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "உனக்குத் தெரிஞ்சா மைக் முன்னாடி நிக்கவே பயந்துடுவியேன்னு நினைச்சேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கத்தக்கூட எச்சில் இல்லை. நேற்றிலிருந்து அவரோடு பேசவில்லை.

மிச்ச நாவலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லப்போகிறேன். அவர் கழுவிக் கொடுத்த குரலை என் குரல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த மாதத்தோடு போதும்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

அத்தான் செய்தது மடத்தனம். அதை அவருக்கே எழுதிவிட்டேன். அதே கடிதத்தில், கழுவாத பதிவுகள் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பச் சொல்லியும் கேட்டேன். அனுப்பிவிட்டார். கூட ஒரே ஒரு வரி: "ஏதாவது பிரயோஜனம் இருந்தா எடுத்துக்கோ." உன்னைக் கேட்காமல் செய்தேன். திட்டு, பரவாயில்லை.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்துச் சீட்டுக்காரர் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார். அந்தத் தாய் சாகிற இடத்துக்காக அழுதேன் என்று நினைத்துக்கொள், எனக்கும் மரியாதை மிஞ்சும்.

பிறகு வேலையைப் பார்த்தேன். சொடுக்குகளை எண்ண ஒரு சின்ன நிரல் எழுதி, தேதி வாரியாகக் கோடு போட்டேன். மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது. எதிர்பார்த்ததுதான். ஆனால் போன ஆகஸ்டில் ஒரு இடத்தில் கோடு குழியில் விழுந்த மாதிரி இறங்குகிறது. ஒன்றரை வாரம் இருக்கும். சொடுக்கே இல்லை என்று சொல்லலாம். அப்புறம் பழையபடி ஏறிவிடுகிறது.

நிரலில் பிழை என்று நினைத்தேன். காதால் கேட்டேன். பிழை இல்லை. அந்த நாட்களில் உன் வாய் ஈரமாக இருந்திருக்கிறது, அக்கா. செத்த சுரப்பி ஒன்றரை வாரத்துக்கு உயிர்த்தெழுந்து மறுபடி செத்துப்போகாது.

ஆகஸ்டில் என்ன செய்தாய்? என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், என்ன மாத்திரை? மாத்திரையை முதலில் சொல். உடனே எழுது. வேலையை விடுகிறேன் என்று யாரிடமும் அதற்குள் உளறிவிடாதே.

தம்பி


மார்ச் 24

தம்பி,

என் வாயை வைத்து வரைபடம் போட்டிருக்கிறாய். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆகஸ்டில் ஒன்றும் விசேஷமில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து யோசித்ததில் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. இரண்டு மணிக்கட்டும் வீங்கி, புத்தகத்தைப் பிடிக்க முடியாமல் போயிற்று. தெருமுனை டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார், முதலில் நிறைய, அப்புறம் குறைத்துக் குறைத்து நிறுத்தச் சொன்னார். வீக்கம் போயிற்று. நான் மறந்துவிட்டேன். மணிக்கட்டையும் வாயையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

ஆனால் இதையும் கேள். அந்த வாரம் ஒருநாள் இடைவேளையில் அவசரத்தில் ரொட்டியைக் கடித்துத் தின்றுவிட்டு மைக் முன்னால் போய் நின்றது ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தேன். அன்று முழுக்க அது ஞாபகத்துக்கே வரவில்லை. நன்றாக இருக்கும்போது நாம் கவனிப்பதே இல்லை, பார்.

வேலையை விடுவதைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் போகிறேன், நிற்கிறேன், படிக்கிறேன். அத்தானும் நானும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கையாலேயே பேசிக்கொள்கிறோம். ஆரம்பி, நிறுத்து, திரும்ப. இருபது வருஷக் குடித்தனத்துக்கு அந்த மூன்று சைகை போதும் போலிருக்கிறது.

இப்போது நீ சொல். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா, இல்லையா? ஆசை காட்டாதே. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உன் சுரப்பிக்கு உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

உன் ஆகஸ்டை வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் போனேன். "ஒரு ஆளோட குரல வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது" என்றார். கோட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "ஆனா கேள்வி நல்லா இருக்கு" என்றார். ஸ்டீராய்டு காவல் செல்களை அடக்கும். அவை அடங்கியதும் சுரப்பிக்கு நரம்பின் பேச்சு கேட்டிருக்கிறது என்றால், கேட்கவிடாமல் செய்தது அவைதான். அவை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, ஓயாமல் ரசாயனம் கக்குகின்றன. அந்த இரைச்சலில் நரம்பின் சேதி அமுங்கிப்போகிறது.

புதிதாக வந்த ஒரு துண்டில் பாதியை அப்படியே வைத்தேன். மறுபாதியில் காவல் செல்கள் கக்கும் ரசாயனத்தின் வாயை அடைக்கும் மருந்தைப் போட்டு ஊறவைத்தேன். செல்லுக்குள் கால்சியம் பொங்கினால் பச்சையாக ஒளிரும் சாயத்தை இரண்டிலும் ஏற்றினேன். விளக்கை அணைத்தோம். திரை கறுப்பாக இருந்தது. நரம்பின் சேதியை ஊற்றினேன்.

முதல் பாதியில் ஒன்றுமில்லை.

இரண்டாவது பாதியிலும் ஒன்றுமில்லை. தட்டை எடுக்கப் போனேன். அப்போது ஓரத்தில் ஒரு செல் மினுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அந்த வட்டம் முழுக்க, ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்புகிற மாதிரி, ஒளி சுற்றி வந்தது. ஊரே இருட்டாகக் கிடந்து கரண்ட் வரும்போது அடுக்குமாடிக் கட்டடத்தில் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் ஏறுமே, அப்படி. அணைந்தது, மறுபடி வந்தது. நடுவில் இருந்த சின்னப் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது. தண்ணீர், அக்கா. யாருடைய உடம்பிலிருந்தோ வெட்டி எடுத்த துண்டு, வாயும் இல்லை, மூளையும் இல்லை, கண்ணாடித் தட்டில் கிடந்துகொண்டு நீர் சுரந்தது.

பூதக்கண்ணாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "திரும்பப் போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தரம்" என்றார். முப்பது வருஷமாக எச்சிலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷி, அக்கா.

இன்னொன்றும் அவர்தான் காட்டினார். நரம்பு நூல்கள் சுரக்கும் செல்லோடு மட்டும் முடிவதில்லை. காவல் செல்கள் இருக்கும் இடத்துக்கும் போகின்றன. அங்கே வேறொரு சேதி கசிகிறது, "சும்மா இரு" என்று. இத்தனை நாள் நரம்பு ஒரு வேலைக்காரன், சுரப்பிக்கு உத்தரவு கொண்டுவருபவன் என்று நினைத்திருந்தேன். அது ஒரே வீட்டில் ஒருத்தரை எழுப்பிக்கொண்டும் இன்னொருத்தரை அடக்கிக்கொண்டும் இருந்திருக்கிறது. அந்த நூல் மெலிந்தால் இரண்டும் கெடுகிறது. நாம் ஒரு வாய் சாப்பிடும்போதெல்லாம் கன்னத்துக்குள் இவ்வளவு பேச்சு நடக்கிறது. நான் அதை எச்சில் என்று ஒரு சொல்லில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கவனமாகக் கேள். இது தட்டில் நடந்தது, உடம்பில் அல்ல. அந்த மருந்தை உனக்கு யாரும் தரப்போவதில்லை. ஸ்டீராய்டை நீயாக வாங்கித் தின்னாதே, எலும்பை அரித்துவிடும். ஆனால் நரம்பைப் போலவே, அதைவிட உரக்கப் பேசும் ஒரு மாத்திரை கடைகளில் இருக்கிறது. செல்கள் மிச்சம் இருந்தால்தான் பலன். மிச்சம் இருக்கிறதா என்று தெரிய அந்த மிளகளவு வேண்டும். உன் கேள்விக்குப் பதில் அதுதான். தாமதமாகத் தருகிறேன்.

செத்த சுரப்பி என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உதடு உன்னுடையது. போ என்று இனி சொல்லமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பி,

போனேன்.

"போ என்று சொல்லமாட்டேன்" என்று நீ எழுதிய பிறகுதான் போக முடிந்தது, என்ன ஜென்மமோ நான். உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். பேசாமல்தான் கொடுத்தேன். அந்த ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் ஏறுகிற இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். அப்புறம், "நான் சத்தத்தை மட்டும்தான் எடுத்தேன்" என்றார். "அதுல இவ்ளோ இருக்கும்னு எனக்குத் தெரியாது." சரி, உட்கார்ந்து படியுங்கள் என்றேன். பேசிவிட்டேன்.

வெட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் என் தொழிலைச் சொன்னேன். என்னை நாலு வரி பேசச் சொல்லி, உதடு எங்கே எப்படிச் சேர்கிறது என்று உற்றுப் பார்த்துவிட்டு, ஓரமாகத் தள்ளிச் சின்னதாகக் கீறினார். இரண்டு தையல். குண்டூசித் தலையளவு இடம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. 'ப' சொல்லும்போது அங்கே யாரோ துணி வைத்த மாதிரி. பழகிக்கொள்வேன். பழகாவிட்டாலும் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

முடிவு வந்தது. நோய் அதுதான், காவல் செல்கள் கூட்டமாக இருக்கின்றன. ஆனால் சுரக்கும் செல்கள் நிறைய நிற்கின்றன என்றார். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தான் என் கையைப் பிடித்ததில் வளையல் நெளிந்துவிட்டது.

மாத்திரையை அங்கேயே கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். விழுங்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்த்தது. மூக்கில் நீர் வந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது. நீ சொன்ன மாதிரி ரொம்ப உரக்கத்தான் பேசுகிறது போலிருக்கிறது, உடம்பெல்லாம் கேட்டுவிட்டது. வாய் மட்டும் அப்படியே கிடந்தது. என் சுரப்பிக்கு மட்டும் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நாக்குக்கு அடியில் இளஞ்சூடாக ஏதோ வந்தது. தண்ணீர் மாதிரி இல்லை. வழவழவென்று, என்னுடையதாக இருந்தது. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பல்லை நனைத்தது, கன்னத்தை நனைத்தது. நாக்கை அசைத்தேன், ஒட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். சேர்ந்துகொண்டே இருந்தது. யாருக்கும் தெரியாமல் உள்ளே எங்கேயோ ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன்.

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டி, "வந்திருந்தா இதுல துப்புங்கம்மா, அளக்கணும்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். "வரலையா?" என்றாள். வந்தது என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அத்தான் என் முகத்தைப் பார்த்தார், என்ன புரிந்ததோ, "வந்துடுச்சும்மா, அவளுக்கு அதைத் துப்ப மனசு வரல" என்றார். அவள் கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றாள். அது தப்பு, பரிசோதனை, அளவு இல்லாமல் எழுத முடியாது என்று என்னென்னவோ சொன்னாள். நீயே நின்று சொல்கிற மாதிரி இருந்தது.

உனக்குக் கோபம் வரும், தெரியும். எவ்வளவு வந்தது என்று அந்த ஆஸ்பத்திரியில் எங்கேயும் எழுதப்படவில்லை. அவ்வளவையும் விழுங்கிவிட்டேன், தம்பி.

அக்கா